அரக்கு என்றால் எத்தனை?

"இதையே ரெடிமேடா வாங்கியிருக்கலாமே" என்று சொல்பவர்களைப் பிடித்து உள்ளே போட ஒரு சட்டப்பிரிவு இருந்தால், முதல் புகார் என்னுடையதாக இருக்கும். போன ஞாயிற்றுக்கிழமை என் சகலை சொன்னார். சும்மா சொல்லியிருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பேன். பிவிசி பைப்பின் முனையில் வட்டமாகக் காயில் கட்டிய என் மெட்டல் டிடெக்டரை நான் தரையோடு தரையாக ஆட்டிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே, சோபாவில் சாய்ந்தபடி போனைத் தடவி, ஒரு படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டிவிட்டுச் சொன்னார். மஞ்சளும் கருப்புமாக, மடக்குகிற கைப்பிடியும் சின்னத் திரையும் வைத்த ஒரு சாமான். "நாளைக்குக் காலையிலேயே வீட்டுக்கு வந்துடும் சகலை. இந்த வயசுல எதுக்கு இந்த ஈயப் புகையெல்லாம்?" என்று கேட்டுவிட்டு, என் வீட்டு வடையில் இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

அதன் விலையை இப்போது எழுதப்போவதில்லை. கிட் வாங்கி நாமே செய்வதுதான் லாபம் என்பதைப் பைசா சுத்தமாகக் கணக்குப் போட்டுக் காட்டவே இந்தக் கட்டுரையை ஆரம்பித்திருக்கிறேன். கணக்கு பின்னால் வரும்.

மெட்டல் டிடெக்டர் எதற்கு என்று மட்டும் கேட்காதீர்கள். உங்கள் வீட்டுப் பரணில் ஒரு செருப்புப் பெட்டி இருக்கிறதே, அதற்குள் பிரிக்காத எஃப்எம் ரேடியோ கிட் ஒன்றும், தொட்டி நிரம்பினால் கத்துகிற அலாரம் கிட் ஒன்றும் கிடக்கின்றனவே, அவற்றை எதற்கு வாங்கினீர்களோ அதற்கேதான். ரிச்சி தெருவுக்குச் சார்ஜர் வாங்கப் போனவன் சார்ஜரோடு மட்டும் திரும்பினான் என்று சென்னை சரித்திரத்தில் இல்லை. அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பியதுமே தோளை ஒடுக்கிக்கொண்டு நடக்க வேண்டிய இடம். ரிமோட் குவித்த தள்ளுவண்டிக்கும் டீ டம்ளர் தட்டோடு ஓடும் பையனுக்கும் நடுவே ஒதுங்க நின்றால், நிற்கிற இடம் கிட் விற்கும் கடை வாசலாகத்தான் இருக்கும். "எடுத்துட்டுப் போங்க சார், ஒரு மணி நேர வேலை" என்பார் கடைக்காரர். யாருடைய ஒரு மணி நேரம் என்பதை அவர் சொல்வதில்லை.

தத்துவம் என்னவோ எளிதானதுதான். காயிலில் மின்சாரத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டு டக்கென்று நிறுத்த வேண்டும். நிறுத்தியதும் காயிலைச் சுற்றியுள்ள காந்தப்புலம் சட்டென்று சரியும். கீழே உலோகம் எதுவும் இல்லாவிட்டால் அத்தோடு எல்லாம் அடங்கிவிடும். உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, "போயிட்டு வரேன்" என்று எழுந்த விருந்தாளி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பேச்சை இழுப்பதுபோல், அடங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடும். அந்தத் தாமதம் சில மைக்ரோ செகண்டுதான். அதைக் கவனித்து 'கீய்ங்' என்று கத்துவதே மிஷினின் வேலை. ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கானோர் இதைக் கோயில் வாசலிலும் மால் வாசலிலும் தாண்டிப் போகிறார்கள். ஒருவராவது நின்று யோசித்தது உண்டா? சகலை யோசித்தது உண்டா?

கவரைப் பிரித்துக் கொட்டினால் ஒரு 555 ஐசி, ஒரு மாஸ்ஃபெட், ஒரு ஆப்-ஆம்ப், கெப்பாசிட்டர்கள், பஸ்ஸர். 555 பழைய பெருங்காய டப்பா. ஹான்ஸ் கமன்சிண்ட் என்பவர் 1971இல் வடிவமைத்து, அடுத்த வருடம் விற்பனைக்கு வந்தது. அதற்குப் பின் வந்த எத்தனையோ ஐசிகள் காணாமல் போய்விட்டன. இது இன்னும் எட்டுக் காலையும் நீட்டிக்கொண்டு கடைக்குக் கடை கிடைக்கிறது. காயில் கம்பி மட்டும் கவரில் இல்லை. அது இந்த விலையில் சேராது என்று தாளின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். மோட்டார் காயில் கட்டும் கடைக்குப் போய் 25 கேஜ் கம்பி கேட்டேன். "எந்த மோட்டார் சார், அரை எச்பியா?" என்றார். மோட்டார் இல்லை என்றேன். "மிக்சியா?" என்றார். மெட்டல் டிடெக்டர் என்றதும் தராசைப் பார்ப்பதை விட்டு என்னைப் பார்த்தார். கம்பியைப் பிளாஸ்டிக் வாளியில் 25 சுற்றுச் சுற்றி, முனையில் பூசியிருக்கும் எனாமலைப் பிளேடால் சுரண்டினால் காயில் தயார். அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

கஷ்டம் ரெசிஸ்டர். எல்லா ரெசிஸ்டரையும் ஒரே கவரில் போட்டு ஸ்டேப்ளர் அடித்திருந்தார்கள். ஒரு அரிசி நீளம்தான் ஒவ்வொன்றும். நீல உடம்பு, அதில் ஐந்து கோடு. கருப்பு பூஜ்யம், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று என்று ஆரம்பித்து வெள்ளை ஒன்பது வரை போகும் வாய்ப்பாடு எனக்குத் தலைகீழாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய? எல்இடி வெளிச்சத்தில், நீல உடம்பின் மேல், பழுப்பும் சிவப்பும் ஆரஞ்சும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகத் தெரிகின்றன. மல்டிமீட்டரில் அளக்கலாமே என்பீர்கள். மல்டிமீட்டர் இருக்கிறது. அதன் 9 வோல்ட் பேட்டரி எங்கே போனது என்பது என் மகனுக்கும் அவனுடைய ரிமோட் காருக்கும்தான் வெளிச்சம்.

அப்போதுதான் கீழ் வீட்டுப் பெரியவர் நினைவுக்கு வந்தார். வாழ்நாள் முழுக்கப் பட்டுக்கடையில் புடவை விரித்துப் போட்டவர். அவர் கண்ணுக்குத் தப்பிய நிறம் எது? கூப்பிட்டேன். வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ரெசிஸ்டரைக் கண்ணருகே கொண்டுபோய், "மொதல்ல அந்த லைட்ட அணைங்க தம்பி" என்றார். "லைட் வெளிச்சத்துல கலர் பார்த்து எடுத்தவங்க மறுநாளே மாத்த வந்து நிப்பாங்க. வாசலுக்குக் கொண்டாங்க."

வாசலுக்குப் போனோம். மாடிப்படியில் வெயில் விழும் இடத்தில் அவர் ரெசிஸ்டரை இரண்டு விரலால் பிடித்துச் சாய்த்தார், நிமிர்த்தினார், மறுபடி சாய்த்தார்.

"இது அரக்கு" என்றார்.

"அரக்கு என்றால் எத்தனை ஐயா?"

"எத்தனைன்னா?"

"பழுப்புன்னா ஒண்ணு, சிவப்புன்னா ரெண்டு. அதுக்குள்ள சொல்லணும்."

பெரியவர் வெயிலில் நின்று யோசித்தார். அவசரப்படுகிற மனிதர் இல்லை. "ஒண்ணே முக்கால்" என்றார்.

அடுத்த கோடு காப்பிக்கொட்டை என்றார். அது பழுப்புதானே என்றேன். "பழுப்புங்கறது வேட்டி அழுக்கானா வர்றது தம்பி. எங்க கடையில பழுப்புன்னு ஒரு புடவைகூட விரிச்சதில்ல. பழுப்புன்னு சொன்னா எந்தப் பொம்பளை கட்டுவா?" என்றார். நியாயம்தான். ஆனால் எனக்கு வேண்டியது ஒன்றா, இரண்டா என்பது.

ஊதா ஏழு என்றேன். "எந்த ஊதா?" என்றார். "கத்திரிப்பூவா, வாடாமல்லியா, நாவப்பழமா?" எல்லாமே ஏழுதான் என்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "மூணுமே ஏழா? வாடாமல்லி கேட்டவங்களுக்குக் கத்திரிப்பூவக் கட்டிக் குடுத்தா கடையில என்ன ரகளை ஆகும் தெரியுமா?" பச்சை ஐந்து என்றேன். கிளிப்பச்சை, பாசிப்பச்சை, ராமர் பச்சை, மாந்துளிர் நான்குக்கும் சேர்த்து ஒரே ஓர் ஐந்தா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இவ்வளவு படித்தவர்கள் உட்கார்ந்து உலகத்தில் மொத்தமே பத்து நிறம்தான் என்று முடிவு செய்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை ஐயா, தங்கமும் வெள்ளியும் தனியாக உண்டு, அது துல்லியத்துக்கு, தங்கக் கோடு என்றால் 5 சதவீதம் முன்னே பின்னே இருக்கும், வெள்ளி என்றால் 10 சதவீதம் என்றேன். "ஜரிகை உண்டுன்னு சொல்லுங்க" என்று கொஞ்சம் சமாதானமானார்.

மயில்கழுத்து என்று ஒரு கோட்டைச் சொன்னார். அது பச்சையில் சேர்த்தியா, நீலத்தில் சேர்த்தியா, ஐந்தா ஆறா என்று நெருக்கினேன். பாவுக்கு ஒரு நிறமும் ஊடைக்கு ஒரு நிறமும் போட்டு நெய்தால் அப்படித்தான் இருக்கும் என்று விளக்கிவிட்டு, "வெயில்ல அஞ்சு, நிழல்ல ஆறு" என்று தீர்ப்புச் சொன்னார். கிட் தாளில் வெயிலுக்கு ஒரு சர்க்யூட், நிழலுக்கு ஒரு சர்க்யூட் என்று போடவில்லை.

அதற்குள் அவருக்கு வேலை சூடு பிடித்துவிட்டது. உள்ளே போய் ஒரு வெள்ளை வேட்டியை எடுத்து வந்து படியில் விரித்து, ரெசிஸ்டர்களை அதன் மேல் வரிசையாகப் பரப்பினார். இதற்குள் மேல் மாடியிலிருந்து துணி உலர்த்த இறங்கி வந்த இரண்டு பேர் தாண்ட வழியில்லாமல் நின்று, அவர்களும் குனிந்து, "அது ரஸ்ட் கலர் இல்லியா?" என்று ஆளுக்கொரு கட்சி கட்டினார்கள். பெரியவர் யாரையும் தொட விடவில்லை. "உடம்பு நீலம், கரை அரக்கு. பொருத்தம் நல்லாத்தான் இருக்கு" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டி அவர்களிடம் சொன்னார். பிறகுதான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் யாரும் எனக்குச் சொல்லித்தராத அந்தக் கேள்வியைக் கேட்டார்:

"தம்பி, இதுல முந்தானை எந்தப் பக்கம்?"

இது சாதாரணக் கேள்வி இல்லை. கோடுகளை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது? கடைசிக் கோடு கொஞ்சம் தள்ளி இருக்கும் என்பது சாஸ்திரம். ஐந்து கோட்டையும் சரிசமமாக இடைவெளி விட்டு அடிப்பது நடைமுறை. பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு என்று படித்தால் 10,000 ஓம். அதையே திருப்பிப் பிடித்து பழுப்பு, சிவப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு என்று படித்தால் 120 ஓம். இரண்டு முனையிலும் பழுப்பு. இரண்டு மதிப்புமே கடையில் கிடைக்கிற மதிப்புதான். பட்டுப்புடவையில் முந்தானை எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். நிலாவுக்கு ஆள் அனுப்பிய தொழில்நுட்பத்தில் தெரியாது. இதை யாரிடம் முறையிடுவது? "பார்டர் ரெண்டு பக்கமும் ஒண்ணாப் போட்டு முந்தானைய விட்டுட்டானுங்க. தறியில தப்பு" என்று பெரியவர் முடித்துவிட்டார். நானும் அதற்கு மேல் போகவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். சொல்கிற பெயர் எதுவானாலும் அவர் கண் பொய் சொல்லவில்லை. ஒரே நிறத்தை ஒரே நிறமாகப் பார்த்து, அடுத்தடுத்து வைத்து, வகை வகையாகப் பிரித்துக் கொடுத்துவிட்டார். கிட் தாளில் எந்த மதிப்பில் எத்தனை என்று இருப்பதோடு எண்ணிக்கையை ஒப்பிட்டால் எல்லாம் பொருந்தியது. ஒண்ணே முக்கால் மட்டும் இரண்டாகிவிட்டது. பற்றவைக்க உட்கார்ந்தேன்.

ஸ்விட்சைப் போட்டதும் மிஷின் கத்தியது. நிறுத்தவே இல்லை. சகலை அன்றைக்கு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். மேஜையின் காலும் சட்டமும் இரும்பு, அவ்வளவுதான் விஷயம். இதே சங்கடம் டெலிபோன் கண்டுபிடித்த கிரகாம் பெல்லுக்கே வந்தது. 1881 ஜூலை 2ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை வாஷிங்டன் ரயில் நிலையத்தில் ஒருவன் சுட்டான். குண்டு உடம்புக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. பெல் அவசர அவசரமாக ஒரு கருவியைச் செய்து எடுத்துக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். அது எங்கே வைத்தாலும் முனகியது. மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்களே காரணம் என்பார்கள். அது ஒரு பக்கம் இருக்கட்டும். தலைமை மருத்துவர் ப்ளிஸ், குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று தீர்மானமாகச் சொல்லி, அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். செப்டம்பரில் ஜனாதிபதி இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால் குண்டு இடப்பக்கம். கருவி செய்கிறவனுக்குப் பக்கத்தில் இப்படி ஒருவர் எப்போதும் உட்கார்ந்திருப்பார். பெரும்பாலும் சோபாவில்.

யோசெஃப் கோசாட்ஸ்கி கதை இன்னும் மோசம். போலந்து ராணுவ இன்ஜினியர். இரண்டாம் உலகப் போரில் கையில் பிடித்து நடக்கிற கண்ணிவெடி டிடெக்டரைச் செய்தார். 1942இல் எல் அலமைன் போரில் பிரிட்டிஷ் படை பாலைவனத்துக் கண்ணிவெடிகளுக்கு நடுவே பாதை போட்டது அதை வைத்துத்தான். காப்புரிமைப் பணம் எதுவும் கேட்காமல் தூக்கிக் கொடுத்தார். பதிலுக்கு அரசரிடமிருந்து ஒரு நன்றிக் கடிதம் வந்தது. எனக்கு வடைத் தட்டு காலியானது.

மேஜையை விட்டு நகர்ந்ததும் மிஷின் ஒழுங்காக வேலை செய்தது என்பதைப் பதிவு செய்கிறேன். எலியட்ஸ் கடற்கரைக்குக் கொண்டுபோனேன். அலை வந்து போகிற ஈர மணலில் உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் கொஞ்சம் உளறியது. மேட்டு மணலில் சுத்தமாகக் கத்தியது. சோடா மூடி, மறுபடி சோடா மூடி, பலூன் சுடுகிற பலகையிலிருந்து உதிர்ந்த ஆணி, ஒரு நாலணா. 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போன நாலணா. அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. "என்ன சார் தொலைஞ்சுது?" ஒன்றும் தொலையவில்லை என்றால் யார் நம்புகிறார்கள்? "எத்தனை பவுன் சார்?" என்று ஒரு அம்மாள் கேட்டார். பதில் சொல்வதற்குள் மூன்று பவுன் செயின் என்று கூட்டத்தின் பின்பக்கம் பேச்சு போய்விட்டது. சுண்டல் விற்கும் பையன் உட்பட எல்லோரும் கால் கட்டை விரலால் மணலைக் கிளற ஆரம்பித்தார்கள். நான் எந்த மூன்று பவுனையும் தொலைக்கவில்லை என்று வீட்டில் விளக்கிச் சொல்ல ஒரு முழு ராத்திரி ஆனது.

கிடைத்திருந்தாலும்தான் என்ன? நம் நாட்டில் 1878ஆம் வருடத்துப் புதையல் சட்டம் என்று ஒன்று உண்டு. மண்ணில் மறைந்திருக்கும் பொருள் 10 ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால், கண்டெடுத்தவர் என்ன, எவ்வளவு, எங்கே, எந்தத் தேதி என்று கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பொருளை அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்கவும் வேண்டும், அல்லது ஜாமீன் கட்ட வேண்டும். விக்டோரியா மகாராணி காலத்து 10 ரூபாய். அன்றைக்கு அது பெரிய பணம். எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் எத்தனையோ ஐம்பொன் சிலைகள் இப்படி வந்து சேர்ந்தவைதான். அதற்கு நான் ஆட்சேபம் சொல்லவில்லை. ஆனால் சட்டத்தை எழுத்துக்கு எழுத்துப் படித்தால், புதைந்து கிடந்த 10 ரூபாய் நாணயம் ஒன்று என் மிஷினுக்கு அகப்பட்டால் தப்பித்தேன். பக்கத்திலேயே ஒரு ரூபாயும் இருந்து தொலைத்தால் கலெக்டருக்கு மனு எழுத உட்கார வேண்டும். தபால் செலவு? கணக்கில் இதையும் சேர்க்க வேண்டும், அதற்கு வருகிறேன்.

அதற்குள் கீழ் வீட்டில் வேறொன்று நடந்துவிட்டது. பெரியவர் ஒரு நாள் சாயங்காலம் தம் வீட்டம்மாவின் கல்யாணப் புடவையை மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தார். "தம்பி, இது ஜரிகையக் காட்டுமா?" என்றார். அவர் கண்ணுக்கு நான் பட்ட கடன் இருக்கிறதே, மறுக்க முடியவில்லை. நிஜ ஜரிகை என்றால் பட்டு நூல் மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. அரக்கில் கட்டிய அகலக் கரை. (ஒண்ணே முக்கால் என்று சொல்லிக்கொண்டேன்.) கட்டில் இரும்பு என்பதால் தரையில் பாய் விரித்து, புடவையை அதில் பரப்பி, காயிலை முந்தானைக்கு மேல் மெதுவாக ஓட்டினேன். சத்தம் இல்லை. இன்னொரு தடவை. சத்தம் இல்லை. மிஷின்மேல் சந்தேகம் வரக்கூடாதே என்று ஒரு சோடா மூடியைப் பக்கத்தில் போட்டேன். தெருவுக்கே கேட்கும்படி கத்தியது.

பெரியவர் சோடா மூடியைப் பார்த்தார். புடவையைப் பார்த்தார். அவர் வேலை பார்த்த கடையிலேயே, முதலாளி கையாலேயே எடுத்துக் கொடுத்த புடவை அது. இழை மெல்லிசு ஐயா, அதில் கிளம்பும் சுழல் மின்னோட்டம் மிஷின் கவனிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே செத்துவிடும், அதனால் வெள்ளி இல்லை என்று அர்த்தம் இல்லை என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டார். மடிப்பு கலையாமல் மடித்துப் பையில் போட்டார். படி இறங்கும்போது முதலாளியின் பெயரைச் சொல்லி ஒரு வார்த்தை சொன்னார். அச்சில் வராது.

மறுநாள் காலை, "பழைய பட்டுப்புடவை வாங்குறது, ஜரிகை வேட்டி வாங்குறது" என்று ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவில் வந்தது. பெரியவர் கையைத் தட்டி நிறுத்தினார். வந்த ஆள் முந்தானை ஓரத்திலிருந்து ஒரு இழையை உருவி, உரைகல்லில் தேய்த்து, குப்பியிலிருந்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தான். "வெள்ளி ஜரிகைதான் ஐயா, இந்த மாதிரி இப்பல்லாம் வர்றதில்ல" என்றான். அதே மூச்சில் ஒரு விலையையும் சொன்னான். சரியாக அந்த விலையைச் சொன்ன நேரத்துக்கு அம்மா பால் கவர் எடுக்க வெளியே வந்தார். தம் கல்யாணப் புடவை ஆட்டோவின் பின் சீட்டில் விரிந்து கிடப்பதைப் பார்த்தார்.

அன்றிலிருந்து பெரியவருக்கு மாடிப்படி ஏற அனுமதி இல்லை. நான் கீழே போய் அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன். காந்தப்புலம், மைக்ரோ செகண்டு, பெல், மெத்தைச் சுருள், வெள்ளை மாளிகை, எதையும் விடவில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு அவர் கதவில் கை வைத்துக்கொண்டே சொன்னார்: "அதெல்லாம் சரி தம்பி. அந்த ஆட்டோக்காரன் கல்லுக்குப் பேட்டரிகூடப் போடலியே."